ஜெர்மன் ஃபிரிகேட்கள்: 7,200 டன் கப்பல் ஏன் ஆப்பிரிக்காவைச் சுற்றி வீடு திரும்பியது?

நங்கூரம்77:
2024 கடைசியில் நடந்ததை வைத்து ஒரு கேள்வி. பாடன்-வூர்ட்டம்பெர்க் என்ற ஜெர்மன் ஃபிரிகேட் போர்க்கப்பலும் ஃபிராங்ஃபர்ட் அம் மைன் என்ற துணைக்கப்பலும் இந்தோ-பசிபிக் பயணத்தை முடித்து, அக்டோபரில் கோவாவில் நின்றுவிட்டுக் கிளம்பின. ஏமனின் ஹூத்தி படையினர் கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்த செங்கடல், சூயஸ் வழியாகப் போகவில்லை. பாதுகாப்பு அமைச்சர் பிஸ்டோரியுஸ் எடுத்த முடிவுப்படி நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. ஆனால் அதே வருடம் பிப்ரவரியில் ஹெஸ்ஸன் ஃபிரிகேட் அதே செங்கடலில் வணிகக் கப்பல்களுக்குக் காவல் நின்றது. ஹெஸ்ஸன் 2006-ல் கடற்படையில் சேர்ந்தது, ஏறத்தாழ 5,800 டன். பாடன் 2019-ல் சேர்ந்தது, 7,200 டன். பழசும் சின்னதும் உள்ளே போக, புதுசும் பெரிசும் ஒதுங்கியது ஏன்?

சுக்கான்:
டன் கணக்கை ஓரமா வைங்க. முன்தளத்துல, பீரங்கிக்கும் கப்பலை ஓட்டுற பிரிட்ஜ் அறைக்கும் நடுவுல என்ன இருக்குன்னு பாருங்க, பதில் அங்கேயே இருக்கு.

ஹெஸ்ஸன்ல அந்த இடத்துல 32 செல் மார்க் 41 செங்குத்து ஏவுகுழாய், அதாவது தளத்துக்குள்ள நிமிர்ந்து நிக்கிற 32 ஏவுகணைக் கூடு. 24 செல்லுல செல்லுக்கு ஒரு எஸ்.எம்-2, அது நீண்ட தூர வான்காப்பு ஏவுகணை. மிச்சம் 8 செல்லுல செல்லுக்கு 4 வீதம் 32 ஈ.எஸ்.எஸ்.எம், அது நடுத்தர தூரத்துக்கு. மொத்தம் 56 ஏவுகணை. அதுக்கு மேல குறுகிய தூர ராம் ஏவுகணைப் பெட்டி 2, பெட்டிக்கு 21.

பாடன்ல ஏவுகுழாயே கிடையாது. 2 ராம் பெட்டி இருக்கு, அவ்வளவுதான். ராம் எட்டுற தூரம் சுமார் 9 கி.மீ. அது தன் உசுரைக் காப்பாத்திக்கிற ஆயுதம், அடுத்தவனைக் காக்க இல்ல. கூட வந்த ஃபிராங்ஃபர்ட் 20,000 டன் எண்ணெய்-சரக்குக் கப்பல். அதை யார் காக்கிறது?

நங்கூரம்77:
ஒரே கடற்படை, ரெண்டையும் ஃபிரிகேட் என்றுதானே கூப்பிடுகிறார்கள்?

அலைவரிசை:
பெயரை நம்பி ஏமாற வேண்டாம். கடைசி டெஸ்ட்ராயரான (ஃபிரிகேட்டைவிடப் பெரிய போர்க்கப்பல் வகை) லூட்யென்ஸ் 2003-ல் ஓய்வுபெற்ற பிறகு ஜெர்மனியில் பெரிய போர்க்கப்பல் எல்லாமே ஃபிரிகேட்தான். வேறு நாட்டில் ஹெஸ்ஸன் அளவுக்கு வான்காப்பு இருந்தால் டெஸ்ட்ராயர் என்றே எழுதியிருப்பார்கள்.

இப்போது இருப்பவை 11, எல்லாவற்றுக்கும் தாய்த்துறைமுகம் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன்:
எஃப்123 வகை 4 கப்பல் (பிராண்டன்பூர்க், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், பயர்ன், மெக்லன்பூர்க்-ஃபோர்போமர்ன்). 1994 முதல் 1996 வரை சேர்ந்தவை. நீர்மூழ்கி வேட்டை.
எஃப்124 வகை 3 (சாக்சன், ஹாம்பூர்க், ஹெஸ்ஸன்). வான்காப்பு. நாலாவதாக டூரிங்கன் என்று ஒன்றைக் கட்டும் வாய்ப்பு ஒப்பந்தத்தில் இருந்தது, கட்டவில்லை.
எஃப்125 வகை 4 (பாடன்-வூர்ட்டம்பெர்க், நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன், சாக்சன்-அன்ஹால்ட், ரைன்லாண்ட்-ஃபால்ஸ்). வெகுதூரத்தில் நீண்ட நாள் நின்று காவல், கொள்ளையர் தடுப்பு, கரைக்கு ஆதரவு.

எட்டுக் கப்பல் இருந்த எஃப்122 பிரேமன் வகையில் கடைசியான லூபெக் 2022 டிசம்பரில் ஓய்வுபெற்றது.

புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று: எஃப்125 என்பது வகை எண். கப்பலின் பக்கத்தில் பெயிண்டால் எழுதியிருப்பது தனி எண். பாடனின் பக்கத்தில் எஃப்222, ஹெஸ்ஸன் பக்கத்தில் எஃப்221. புகைப்படத்தைப் பார்த்துவிட்டு “எஃப்221 என்று புது வகை வந்திருக்கிறதா” என்று இங்கேயே பலமுறை கேட்டிருக்கிறார்கள்.

கேள்விக்குறி:
ராம் 42 இருக்கு. 127 மி.மீ. பீரங்கி இருக்கு. 27 மி.மீ. பீரங்கி 2, ரிமோட் 12.7 மி.மீ. துப்பாக்கி 5. ஹூத்தி ட்ரோன் மணிக்கு 180, 200 கி.மீ. வேகத்துல வர்ற மொபெட் மாதிரி. இதுக்கு இவ்வளவு போதாதா? பயந்து ஓடினாங்கன்னுதான் நான் சொல்வேன்.

அலைவரிசை:
ட்ரோன் மட்டும்தான் வரும் என்றால் நீங்கள் சொல்வது சரி. கப்பலைத் தாக்கும் ஏவுகணையும் அங்கே வந்தது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ரேடார் அடிவான தூரம் (கி.மீ.) = 4.12 × (ரேடார் உயரத்தின் வர்க்கமூலம் + இலக்கு உயரத்தின் வர்க்கமூலம்), உயரங்கள் மீட்டரில். ரேடார் 25 மீட்டரில், ஏவுகணை அலைக்கு 5 மீட்டர் மேலே என்று வையுங்கள். 4.12 × (5 + 2.24) = ஏறத்தாழ 30 கி.மீ. அதற்கு முன்னால் எந்த ரேடாருக்கும் தெரியாது. எத்தனை கோடி கொட்டினாலும் பூமி வளைவு நிமிராது. வினாடிக்கு 300 மீட்டரில் வந்தால் கப்பலைத் தொட 100 வினாடி.

தடம் உறுதிப்பட்டு முதல் ஏவுகணை கிளம்ப 15 வினாடி என்று வைத்தால், எதிரி 25 கி.மீ.யில் இருப்பான். ஈ.எஸ்.எஸ்.எம் தோராயமாக வினாடிக்கு 900 மீட்டர். இரண்டும் எதிரெதிராக நெருங்குவது வினாடிக்கு 1,200. 21 வினாடியில், கப்பலிலிருந்து 19 கி.மீ. தள்ளிச் சந்திக்கும். தவறினால் 5 வினாடி பார்த்துவிட்டு அடுத்தது: 13 கி.மீ.யில் சந்திப்பு. அதுவும் தவறினால் மூன்றாவது 9 கி.மீ.க்குச் சற்று உள்ளே. அதாவது ஹெஸ்ஸனுக்கு மூன்று தடவை குறி பார்க்க நேரம் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் ராமின் முறை.

பாடனின் ஆட்டமோ அந்த 9 கி.மீ.யில்தான் ஆரம்பிக்கிறது. கையில் 30 வினாடி. அதனால்தான் ராமை ஒன்றொன்றாக விட்டுப் பார்க்காமல் ஜோடியாக விடுகிறார்கள்.

இது கப்பலை நோக்கி நேராக வரும் ஏவுகணைக்கு. துணைக்கப்பல் 5 கி.மீ. தள்ளி, எதிர்ப்பக்கம் இருந்தால் பாடனுக்கு அந்த 30 வினாடியும் இல்லை. இலக்கு குறுக்கே கடந்து போகும், ராமின் வட்டத்துக்குள் ஓரமாக வந்து ஓரமாகப் போய்விடும். போதாததற்கு ராம் முதலில் எதிரி ஏவுகணையின் ரேடார் அலையை மோப்பம் பிடிக்கிறது, அப்புறம்தான் வெப்பத்துக்கு மாறுகிறது. எதிரியின் ரேடார் இன்னொரு கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தால் மோப்பமும் மட்டுப்படும். மேலிருந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணைக்கோ ராம் செய்யப்படவே இல்லை.

பயம் என்று நான் சொல்ல மாட்டேன், கழித்தல் கணக்கு.

கேள்விக்குறி:
சரி, ஏத்துக்கறேன். ஆனா ஹெஸ்ஸனும் முதல் நாளே சொதப்பினதுதானே?

சுக்கான்:
சொதப்பல்தான், மறைக்க என்ன இருக்கு. 2024 பிப்ரவரி 26 அன்னைக்கு அடையாளம் தெரியாத ட்ரோன் மேல 2 எஸ்.எம்-2 விட்டாங்க. ரெண்டும் படாம கடல்ல விழுந்துது. அப்புறம்தான் தெரிஞ்சுது அது அமெரிக்காவோட ரீப்பர்னு. அந்த ட்ரோன் நட்பு அடையாளக் குறியீடு அனுப்பல. பக்கத்துல இருந்த நட்பு நாடுகள்கிட்ட விசாரிச்சும் யாருதுன்னு தெரியல. படாம போனதுதான் அதிர்ஷ்டம்.

மறுநாள் சாயங்காலம் நெஜ ட்ரோன் ரெண்டு வந்துது. ஒண்ணை 76 மி.மீ. பீரங்கி விழுத்துச்சு, இன்னொண்ணை ராம். அந்த ரெண்டுக்கும் எஸ்.எம்-2 தேவைப்படல பாருங்க. 25 மீட்டர் ரேடார், 100 மீட்டர் உயரத்துல ட்ரோன், அலைவரிசை சொன்ன அதே கணக்குல 62 கி.மீ. வினாடிக்கு 50 மீட்டர்ல வந்தா 20 நிமிஷம். நின்னு நிதானமா பீரங்கி எட்டுற தூரத்துக்கு வர விட்டு அடிக்கலாம். பீரங்கியோட சுழல் மேகசின்ல 80 குண்டு தயாரா இருக்கு. விலையும் ஏவுகணை பக்கத்துல வராது.

ஏப்ரல்ல வேலை முடியுறதுக்குள்ள 27 வணிகக் கப்பலைக் கூட்டிட்டுப் போய் விட்டிருக்கு. அந்தக் கணக்குல ஆள் பாஸ்.

நங்கூரம்77:
56 ஏவுகணை தீர்ந்தால் கடலிலேயே நிரப்ப முடியாதா?

சுக்கான்:
முடியாதுங்க. ஏவுகணை சீல் வெச்ச குப்பிக்குள்ளதான் வரும். கிரேன்ல குப்பியை நிமிர்த்தி, செல் வாய்க்கு நேரா பிடிச்சு, சில செ.மீ. இடைவெளியில கீழ இறக்கணும். கப்பல் கொஞ்சம் ஆடினாலும் குப்பி சுவர்ல இடிக்கும். துறைமுகத்துல, அலை இல்லாத இடத்துலதான் இந்த வேலை. அதனால செல்லுக்குள்ள எது எத்தனைங்கறதை வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே முடிவு பண்ணியாகணும்.

பொறியறை:
மார்க் 41 பற்றிப் பேச்சு வந்ததால் 2018 ஜூனில் சாக்சனுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நார்வே அருகே பயிற்சிச் சுடுதல். எஸ்.எம்-2 ஒன்று பற்றியது, ஆனால் செல்லை விட்டு எழவில்லை. உள்ளேயே நின்று எரிந்து தீர்ந்தது. பிரிட்ஜின் முன்சுவர் கருகியது, இரண்டு பேருக்கு லேசான காயம்.

இது ஏன் கப்பலையே பிளக்கவில்லை என்பது அந்த அமைப்பைப் பார்த்தால் புரியும். மார்க் 41-ல் ஏவுகணை குழாய்க்குள்ளேயே பற்றுகிறது. தீ கீழே ஒரு பொது அறைக்குள் போய், இரண்டு செல் வரிசைக்கு நடுவே இருக்கும் புகைபோக்கி வழியாக மேலே வெளியேறும். 8 செல்லுக்கு ஒரு அறை, ஒரு புகைபோக்கி. ஏவுகணை எழுந்துவிட்டால் இதெல்லாம் சில வினாடி வேலை. எழாமல் மாட்டிக்கொண்டால், மோட்டார் எரிந்து தீரும் வரை அத்தனை சூட்டையும் அந்தப் பாதை தாங்க வேண்டும். வெடிமுனை சூடேறாமல் இருக்க அந்தக் குப்பிக்குள் தண்ணீர் பாய்ச்சும் ஏற்பாடு தனியாக உண்டு. பக்கத்துச் செல்லில் இருப்பவையும் அதே இரும்புச் சுவரை ஒட்டித்தான் நிற்கின்றன. வான்காப்புக் கப்பலில் பார்க்கப்பட வேண்டிய ஆபத்து எதிரியின் ஏவுகணை மட்டும் இல்லை.

இப்போது எஃப்125-க்கு வருகிறேன். எல்லோரும் அதைக் காய்ச்சுகிறீர்கள். ஒப்பந்தம் போட்டது 2007-ல். 2006 முதல் லெபனான் கடலில் ஐ.நா. காவல் வேலை, மற்ற இடங்களிலும் நீண்ட காலப் பணி. ஒரு கப்பல் ஆறு மாதம் நிற்க, போக வரவே நிறைய நாள் தின்றது. அதனால் கேட்டது இது: கப்பல் இரண்டு வருடம் வெளியிலேயே நிற்கட்டும், ஆட்கள் மட்டும் நாலு மாதத்துக்கு ஒருமுறை விமானத்தில் வந்து மாறட்டும். 4 கப்பலுக்கு 8 குழு. வருடத்துக்கு 5,000 மணி நேரம் ஓட வேண்டும். 24-ஆல் வகுத்தால் 208 நாள். பழைய ஃபிரிகேட்டுக்கு எதிர்பார்த்ததைப்போல ஏறத்தாழ இரட்டிப்பு.

இதற்காகத்தான் உள்ளே இருக்கும் ஏற்பாடே வேறு. 20 மெகாவாட் கேஸ் டர்பைன் ஒன்று, 4.7 மெகாவாட் மின்மோட்டார் இரண்டு, சுமார் 3 மெகாவாட் வீதம் டீசல் ஜெனரேட்டர் நாலு. சாதாரண ஓட்டம் முழுக்க மின்மோட்டாரில். நாலு ஜெனரேட்டரும் ஓடினால் 12 மெகாவாட், மோட்டார் இரண்டும் முழுசாக இழுத்தால் 9.4, மிச்சம் 2.6-ல் ரேடார், குளிர்பதனம், சமையலறை எல்லாம் நடக்க வேண்டும். 26 நாட் (மணிக்கு 26 கடல் மைல்) தேவைப்படும்போது மட்டும் டர்பைனைக் கோர்த்துக்கொள்கிறார்கள். ஹெஸ்ஸன் 29 நாட் போகும். டர்பைன் தேயாமல் இருக்கக் கொடுத்த விலை அந்த 3 நாட்.

ஆள் கணக்கு: அடிப்படைக் குழு 120 பேர். எஃப்124-ல் 240 பக்கம். பாதி ஆளை வைத்து ஓட்டுவதால் அடிபட்டால் அணைக்கும் வேலைக்கும் கை குறைவு. அதற்குப் பதிலாகத்தான் இரண்டு தீவு அமைப்பு: ரேடார் முகப்பு, தொடர்புக் கருவிகள் எல்லாம் முன்மேடையிலும் பின்மேடையிலுமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று போனாலும் மற்றது பாதிக் கண்ணோடு ஓட்டும்.

பக்கவாட்டில் 4 வேகப் படகு, ஒவ்வொன்றும் 40 நாட் தாண்டும். ஹெலிகாப்டர் 2. படகில் ஏறிச் சோதனை போடும் வீரர்களுக்கு 50 படுக்கை. கடற்கொள்ளை வேலைக்கு இதைவிடத் தோதான கப்பல் சொல்லுங்கள் பார்ப்போம்.

நீர்மூழ்கி_நேசன்:
தோதானதுதான், பொறியறை அண்ணே. ஆனால் நீர்மூழ்கியை ஒலியால் தேடும் சோனார் கிடையாது, டார்பிடோ குழாய் கிடையாது. 7,200 டன் போர்க்கப்பல் தனக்குக் கீழே நீர்மூழ்கி படுத்திருந்தாலும் தெரியாமல் போகும். 2014 கிரைமியாவுக்குப் பிறகு வட அட்லாண்டிக்கில் மறுபடி ரஷ்ய நீர்மூழ்கியைத் தேட வேண்டிய வேலை வந்தது. 4 கப்பலை எடுத்து அந்த வரிசையில் வைக்கவே முடியவில்லை.

பொறியறை:
மறுக்கவில்லை. ஆர்டர் கொடுத்தவன் கேட்டதைக் கட்டிக் கொடுத்தார்கள். கட்டின விதம் வேறு சங்கதி. 2017 டிசம்பரில் மென்பொருள், வன்பொருள் கோளாறுகளோடு வந்த பாடனைக் கடற்படை ஏற்றுக்கொள்ளாமல் கட்டுத்தளத்துக்கே திருப்பி அனுப்பியது. வலப்பக்கம் 1.3 டிகிரி சாய்ந்து நின்றதாகச் செய்தி வந்தது. 1.3 என்றால் சின்னதாகத் தெரியும். அகலம் 18.8 மீட்டர், கணக்குப் போட்டால் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 43 செ.மீ. வித்தியாசம். மறுபக்கம் எடை வைத்து நிமிர்த்திவிடலாம், ஆனால் அந்த எடை ஏற்கெனவே கனத்துப்போன கப்பலின் மேல்தான் ஏறுகிறது. பின்னாளில் ஏவுகுழாய் வைக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் கொடுக்க வேண்டிய இருப்பு அதுதான். ஐரிஸ்-டி என்ற வான்காப்பு ஏவுகணையை எஃப்125-ல் ஏற்றலாம் என்ற யோசனை வந்திருக்கிறது. எங்கே வைப்பது என்பதைவிட எவ்வளவு உயரத்தில் எவ்வளவு எடை என்பதுதான் முதல் கேள்வி.

நங்கூரம்77:
நேசன் சார், அப்போது நீர்மூழ்கி வேட்டைக்கு அந்த 4 எஃப்123 மட்டும்தானா?

நீர்மூழ்கி_நேசன்:
கிட்டத்தட்ட. எஃப்124-லும் முன்வயிற்றில் சோனார், எம்.யு.90 டார்பிடோ உண்டு, ஆனால் அதை வான்காப்பு வேலையிலிருந்து பிடுங்கி இதற்கு அனுப்ப முடியாது, மொத்தமே 3.

எஃப்123-ன் குறை ஒன்று ஆரம்பத்திலிருந்தே தொடர்கிறது. வால் சோனார், அதாவது கப்பலுக்குப் பின்னால் நீளக் கயிற்றில் இழுக்கும் சோனார், வைப்பதாகத் திட்டம் இருந்தது. வைக்கவே இல்லை. வயிற்றில் இருக்கும் சோனாருக்கு என்ன கஷ்டம் என்றால், கடலில் மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர். இரண்டும் சேரும் இடத்தில் ஒலி வளைந்துவிடும். நீர்மூழ்கிக் கேப்டன் அந்த அடுக்குக்குக் கீழே இறங்கினால் மேலே இருக்கும் சோனாருக்குப் பாதி காது அடைத்த மாதிரிதான். வால் சோனாரை அடுக்குக்குக் கீழேயே இறக்கலாம். கப்பலின் சொந்த இரைச்சலிலிருந்தும் அது விலகி இருக்கும்.

ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு பால்டிக்கில் போய் இழுக்க நினைக்கக் கூடாது. அங்கே சராசரி ஆழமே 55 மீட்டர் போல. கயிறு தொய்ந்தால் தரை தட்டும், திரும்பும்போது மெதுவாகத் திரும்ப வேண்டும். அந்த நீருக்கு ஹெலிகாப்டர் தொங்கவிடும் சோனார்தான் கைகொடுக்கும். கடலுக்கேற்ற கருவி.

2021-ல் எஃப்123-க்குப் புது ரேடாரும் போர்க்கட்டுப்பாட்டு அமைப்பும் பொருத்த ஸ்வீடனின் சாப் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். முப்பது வயதாகும் உடம்பில் புது மூளை. அடுத்தது வரும் வரை ஓட்டியாக வேண்டுமே.

அலைவரிசை:
அடுத்தது என்றால் எஃப்126. 2020 ஜூனில் நெதர்லாந்தின் டாமன் நிறுவனத்துக்கு 4 கப்பல் ஒப்பந்தம், பிறகு 2024-ல் இன்னும் 2 சேர்த்து 6. நீளம் 166 மீட்டர், எடை 10,000 டன்னைத் தொடுகிறது. முதல் கப்பல் நீடர்சாக்சனுக்கு 2023 டிசம்பரில் ஜெர்மனியின் வோல்காஸ்ட் கட்டுத்தளத்தில் இரும்பு வெட்டினார்கள். 2028-ல் கையில் வரும் என்றார்கள். வடிவமைப்புத் தரவைக் கட்டுத்தளங்களுக்கு மாற்றுவதில் மென்பொருள் சிக்கல், தாமதம். 2025-ல் தலைமை ஒப்பந்தத்தையே வேறு கையில் கொடுக்கும் பேச்சும், இடைக்காலத்துக்கு மெக்கோ ஏ-200 வகை ஃபிரிகேட் வாங்கலாம் என்ற பேச்சும் ஒன்றாக வந்தன.

வால் சோனார் இதில் கழற்றி மாட்டும் தொகுதி. நீர்மூழ்கி வேலைக்குப் போகும்போது பின்தளத்தில் ஏற்றலாம், கொள்ளையர் வேலைக்குப் போகும்போது அதை இறக்கிவிட்டு, பிடிபட்டவர்களை அடைத்துவைக்கும் தொகுதியை ஏற்றலாம்.

நீர்மூழ்கி_நேசன்:
தொகுதி நல்ல யோசனைதான். என் சந்தேகம் பெட்டியைப் பற்றி இல்லை. பெட்டியை இரண்டு நாளில் மாற்றலாம், சோனார் திரையைப் பார்த்துத் திமிங்கிலத்துக்கும் நீர்மூழ்கிக்கும் வித்தியாசம் சொல்லும் ஆளை இரண்டு நாளில் மாற்ற முடியாது. தொகுதி கரையில் கிடக்கும் மாதங்களில் அந்த ஆள் எங்கே பயிற்சி எடுப்பான்?

கேள்விக்குறி:
ஒரே ஒரு கேள்வி. 10,000 டன்னுன்னா இதுலயாவது ஹெஸ்ஸனை விட ஏவுகுழாய் ஜாஸ்தியா?

அலைவரிசை:
பாதி. 16 செல். செல்லுக்கு 4 வீதம் 64 ஈ.எஸ்.எஸ்.எம், கூட 2 ராம் பெட்டி. எஸ்.எம்-2 இல்லை. நீண்ட தூர வான்காப்பு எஃப்127-க்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், ஹெஸ்ஸன் வகைக்கு மாற்றாக அது வருவது 2030-களில்தான்.

கேள்விக்குறி:
அப்ப அதுவும் நன்னம்பிக்கை முனை வழியா?

சுக்கான்:
இல்லப்பா. 64 ஈ.எஸ்.எஸ்.எம் இருந்தா அந்த ஃபிராங்ஃபர்ட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு சூயஸ் தாண்டிடலாம். புதுசா வர்ற பிளாக் 2 ஈ.எஸ்.எஸ்.எம் தனக்குள்ளேயே ரேடார் வெச்சிருக்கு, கப்பல் கடைசி வரை இலக்கு மேல அலை அடிச்சுக்கிட்டே இருக்க வேண்டியதில்ல. ஆனா 50 கி.மீ.க்கு அப்பால நிக்கிற வணிகக் கப்பலைக் காப்பாத்துன்னா அதால ஆகாது. அந்த வேலைக்கு இன்னும் பத்து வருஷம் அதே மூணு கப்பல்தான். அதுல ஒண்ணு எப்பவும் டாக்ல இருக்கும், ஒண்ணு பயிற்சியில இருக்கும்.